கணினியின் முதுகில் சுழலும் அந்தச் சின்ன ஃபேனின் சரித்திரம்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள். ஆனால் அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு முன்னால் வாசித்துவிடுங்கள்.

நோன்பு விடுமுறை முடிந்து எங்கள் கணினி அறையைத் திறந்தபோது 26 கணினிகளில் 11 எழும்பவில்லை. பெற்றோரிடம் கையேந்திச் சேர்த்த காசில் வாங்கியவையும் அதில் இருந்தன. "என்னத்துக்கு சேர் இதோட மல்லுக்கட்டுறீங்க, பொருட்கணக்கெடுப்பில கழிச்சிட்டு இரும்புக்குப் போடுவமே" என்று சிலர் சொன்னார்கள். "சைனாச் சாமான் அப்படித்தான்" என்று இன்னும் சிலர். சரி, எறிவதற்கு முன் திறந்தாவது பார்ப்போம் என்று கணினிப் பாடம் எடுக்கும் நாங்கள் மூன்று பேரும், உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகள் சிலரும், சந்தியில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் காக்காவும் இரண்டு பின்னேரங்கள் உட்கார்ந்தோம்.

11இல் 7 கணினிகளுக்கு வேறு எந்த நோயும் இல்லை. பவர் சப்ளை மட்டுமே போயிருந்தது. அந்த 7 பெட்டிகளிலும் ஃபேனின் இறக்கைகளில் தூசு கம்பளி மாதிரி படிந்திருந்தது. இரண்டில் ஃபேன் அசையவே இல்லை.

பிள்ளைகளில் ஒருவர் கேட்டார்: "சேர், ஒரு ஃபேன் நின்றதற்காக முழுக் கணினியுமா சாகும்?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால் அது எழுபது, எண்பது வருடச் சரித்திரமாக விரிகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் அந்தப் பெட்டியின் வேலையைச் சொல்லிவிடுவோம். சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் ஆடலோட்டம். கணினியின் உள்ளுறுப்புகளுக்குத் தேவை 12, 5, 3.3 வோல்ட் என்று சின்னச் சின்ன அளவில் ஆடாமல் அசையாமல் நிற்கும் நேரோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதுதான் பவர் சப்ளையின் தொழில். நமது பாடநூலில் வலு வழங்கல் அலகு என்று இருக்கும். இந்த மாற்றம் ஒருபோதும் முழுமையாக நடக்காது. ஒரு பங்கு வெப்பமாகப் போகும். அந்த வெப்பத்தை என்ன செய்வது என்பதுதான் இந்தப் பெட்டியின் கதை முழுவதும்.

1946இல் அமெரிக்காவில் உலகுக்குக் காட்டப்பட்ட எனியாக் என்ற கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழாய்கள் இருந்தன. அது இழுத்த மின்வலு சுமார் 150 கிலோவாட். அது அத்தனையும் கடைசியில் சூடாகத்தான் வெளியே வரும். எனவே காற்றை ஊதித் தள்ளும் பெரிய விசிறிகளும் அந்த இயந்திரத்தின் பாகமாகவே கட்டப்பட்டன. கணினி பிறந்த நாளில் இருந்தே அதன் கூடப்பிறந்தது ஃபேன் என்று சொல்லலாம்.

முப்பது வருடம் தாண்டி வாருங்கள். 1976இல் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்துக்குப் போன கிரே-1 என்ற மீக்கணினியின் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் ஞாபகம் இருக்கும். நடுவில் வளைந்த கோபுரம். அதன் காலடியைச் சுற்றி மெத்தை போட்ட வட்ட வாங்கு. கோடிக்கணக்கான ரூபாய்ப் பெறுமதியான இயந்திரத்தைச் சுற்றி உட்கார இடம் எதற்கு என்று தோன்றும். அந்த வாங்குக்குக் கீழேதான் பவர் சப்ளைகள் இருந்தன! குளிர்சாதனப் பெட்டியில் ஓடுவது போன்ற ஃப்ரியான் குளிரூட்டி குழாய்களுக்குள் ஓடி, கோபுரத்துக்குள் எழுந்த சூட்டை அள்ளிக்கொண்டு போனது. மொத்தம் சுமார் 115 கிலோவாட் வலுவை விழுங்கிய இயந்திரம். கட்டியவர் சீமோர் கிரே. சூட்டை எப்படி வெளியேற்றுவது என்பதை அவர் முடிவில் ஒட்டவைக்கவில்லை. அதை முதலில் யோசித்து, அதற்கேற்பத்தான் இயந்திரத்தின் வடிவத்தையே அமைத்தார்.

இதெல்லாம் அரசாங்கங்களும் ஆய்வுகூடங்களும் வாங்கக்கூடிய இயந்திரங்கள். வீட்டு மேசைக்குக் கணினி வந்த கதைதான் நமக்கு நெருக்கமானது. அதற்குள் போவதற்கு முன் கொஞ்சம் பௌதிகம். பயப்பட வேண்டாம், சின்னப் பந்திதான்.

பழைய ரேடியோக்களைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அதற்குள் இருக்கும் கனமான டிரான்ஸ்போமரைத் தெரியும். முன்னைய பவர் சப்ளைகள் அந்த வகைதான். டிரான்ஸ்போமர் வோல்ட்டைக் குறைக்கும். அதன் பிறகு ஒரு சீராக்கி, தேவைக்கு மேலே வருவதைத் தன் உடம்பில் எரித்து, மிச்சத்தைச் சரியான அளவில் கொடுக்கும். மோட்டார் சைக்கிளில் எக்சிலேட்டரை முறுக்கிப் பிடித்தபடி பிரேக்கால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது போன்ற வேலை. வண்டி ஓடும், ஆனால் பிரேக் கொதிக்கும். இப்படிப்பட்ட பவர் சப்ளையில் உள்ளே போகும் மின்சாரத்தில் பாதியளவு சூடாகப் போவது சாதாரணம்.

இன்னொரு வழி இருக்கிறது. சுவரில் இருந்து வரும் மின்னை முதலில் நேரோட்டமாக்கி, அதை ஒரு திரான்சிஸ்டரால் செக்கனுக்குப் பல்லாயிரம் தடவை வெட்டுவது. வயலுக்குத் தண்ணீர் விடும் துருசை அரைகுறையாகத் திறந்து வைக்காமல், முழுதாகத் திறந்து முழுதாக மூடி, திறந்திருக்கும் நேரத்தை மாற்றியே அளவைக் கட்டுப்படுத்துவது போல. முழுதாக மூடியிருக்கும்போது ஓட்டம் இல்லை. முழுதாகத் திறந்திருக்கும்போது தடை மிகக் குறைவு. இரண்டு நிலையிலும் சூடு கொஞ்சம்தான். இன்னொரு லாபமும் உண்டு. மீடிறன் கூடும்போது டிரான்ஸ்போமரின் அளவு சுருங்கும். 50 ஹேர்ட்ஸுக்குக் கைக்கு அடங்காத இரும்புக் கட்டி தேவையென்றால், பல்லாயிரம் ஹேர்ட்ஸுக்குத் தீப்பெட்டி அளவு போதும். இதைத்தான் சுவிட்சிங் பவர் சப்ளை என்கிறார்கள். இன்று உங்கள் கையில் இருக்கும் ஃபோனின் சார்ஜரும் இதுதான்.

இப்போது 1977க்கு வருவோம். ஆப்பிள் 2 என்ற கணினியைக் கட்டும்போது ஸ்டீவ் ஜொப்ஸுக்கு ஒரு பிடிவாதம். அந்தப் பெட்டிக்குள் ஃபேன் இருக்கக் கூடாது. ஃபேன் சத்தம் மனதைக் குழப்பும் என்பது அவர் எண்ணம். ஃபேன் இல்லையென்றால் சூடு குறைவாக இருக்க வேண்டும். சூடு குறைய வேண்டுமென்றால் பழைய வகைப் பவர் சப்ளை சரிவராது. அடாரி நிறுவனத்தோடு தொடர்பில் இருந்த ரொட் ஹோல்ட் என்ற பொறியியலாளரைப் பிடித்தார்கள். அவர் ஒரு சுவிட்சிங் பவர் சப்ளையை அமைத்துக் கொடுத்தார். இலேசானது, சின்னது, ஃபேன் இல்லாமலே தாக்குப்பிடிக்கக்கூடியது. அந்த வருடம் ஏப்ரல் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கணினிக் கண்காட்சியில் ஆப்பிள் 2 மக்கள் முன் வைக்கப்பட்டது. ஹோல்ட்டின் அமைப்புக்கு 1978இல் காப்புரிமையும் கிடைத்தது.

ஆப்பிள் 2 என்றதும் எல்லோரும் வொஸ்னியாக்கையும் ஜொப்ஸையும் சொல்வார்கள். ஹோல்ட்டின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? எங்களுக்கும் அண்மைக்காலம் வரை தெரியாது.

ஆனால் இங்கே ஒரு தவறான கதையும் பரவியிருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். ஜொப்ஸின் வாழ்க்கை வரலாற்றை வோல்டர் ஐசக்சன் 2011இல் எழுதினார். இன்று எல்லாக் கணினிகளிலும் இருக்கும் பவர் சப்ளை ஹோல்ட்டின் அமைப்பைப் பார்த்துத் திருடியதே என்று ஜொப்ஸ் சொன்னதாக அதில் வருகிறது. அது சரியல்ல. அடுத்த வருடமே கென் ஷிரிஃப் என்ற பொறியியலாளர் பழைய சுற்று வரைபடங்களை எடுத்துவைத்து விரிவாக மறுத்தார். 1962இல் விண்ணுக்குப் போன டெல்ஸ்டார் செய்மதியிலேயே இந்த நுட்பம் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் டிஇசி, ஹியூலட் பக்கார்ட் நிறுவனங்களின் மினி கணினிகளில் இருந்தது. ரொபர்ட் பொஷர்ட் என்ற ஒருவர் தன் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, இதை மலிவாகச் செய்யும் வழியைத் தேடிக்கொண்டிருந்தார். இந்த வெட்டும் வேலையைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்னச் சிப் 1976இல் விற்பனைக்கு வந்துவிட்டது. உயர்ந்த வோல்ட்டைத் தாங்கி வேகமாகத் திறந்து மூடக்கூடிய திரான்சிஸ்டர்கள் மலிவானதும், பலர் பல இடங்களில் ஒரே பக்கம் நடந்தார்கள். ஹோல்ட் அவர்களில் ஒருவர். வீட்டுக் கணினிக்குள் இதை முந்திக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் என்ற மரியாதை அவருக்கு உண்டு. அதற்கு மேல் ஏற்றிச் சொல்வது மற்றவர்களின் உழைப்பை மறைப்பதாகும். சரித்திரம் படிப்பிக்கும் எங்கள் நண்பர் அடிக்கடி சொல்லுவார், யார் கண்டுபிடித்தார் என்ற கேள்விக்கு ஒரே பெயரில் விடை வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள் என்று.

ஆப்பிள் 2இல் ஃபேன் இல்லாதது வெற்றியாகவே முடிந்தது. அதற்காக எல்லோரும் சும்மா இருந்துவிடவில்லை. அந்தக் கணினியில் மேலதிக அட்டைகள் செருக 8 இடங்கள் இருந்தன. அட்டைகளை நிரப்ப நிரப்பச் சூடு ஏறியது. கடைசியில் பக்கவாட்டில் மாட்டிவிடும் ஃபேனை வேறு நிறுவனங்கள் செய்து விற்றன. அவை நன்றாகவே விலைபோயின.

வெற்றி தந்த துணிச்சலில் அடுத்தது வந்தது, 1980இல், ஆப்பிள் 3. அதிலும் ஃபேன் இல்லை. வார்த்தெடுத்த கனமான அலுமினிய அடிப்பகுதியே சூட்டை உறிஞ்சி வெளியே விடும் என்பது கணக்கு. கணக்குப் பிழைத்தது. கணினிகள் திடீர் திடீரென நின்றன. சிப்கள் தங்கள் குழிகளில் இருந்து மெல்ல மெல்ல மேலே கிளம்பி வந்தன. அதற்குக் கொடுக்கப்பட்ட வைத்தியம் இன்றுவரை சிரிப்புக்குரியது: கணினியைச் சில அங்குலம் தூக்கி, மேசையில் தொப்பென்று போடுங்கள்! அந்த அடியில் சிப்கள் மறுபடி குழிக்குள் இறங்கிவிடும். எங்கள் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு வாப்பாமார் கொடுத்த தட்டு ஞாபகம் வருகிறது. குற்றம் முழுவதும் சூட்டினது அல்ல, சுற்றுப் பலகையும் நெருக்கி அமைக்கப்பட்டிருந்தது, இணைப்புகளும் தளர்வு என்று அந்தப் பெட்டியோடு சம்பந்தப்பட்டவர்கள் பிறகு சொன்னார்கள். இருக்கலாம். முதலில் விற்ற 14,000 கணினிகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. அந்தப் பெயர் பிறகு எழும்பவே இல்லை.

1984 ஜனவரியில் வந்த மெக்கின்ரொஷிலும் அதே பிடிவாதம். இதில் நிலைமை இன்னும் கஷ்டம். திரை, பவர் சப்ளை, கணினி எல்லாம் ஒரே பெட்டி. திரையை இயக்கும் உயர் அழுத்தச் சுற்றும் பவர் சப்ளையும் ஒரே பலகையில். சூடான காற்று தானாக மேலே போகும், மேலே துளைகள் இருக்கின்றன, அது போதும் என்று விட்டுவிட்டார்கள். பழுப்பு நிற டோஸ்டர் என்று மக்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பலகை பழுதாவது திருத்துபவர்களுக்குப் பழகிப்போன வேலையானது. 1985இல் ஜொப்ஸ் ஆப்பிளை விட்டுப் போனார். 1987இல் வந்த மெக்கின்ரொஷ் எஸ்ஈயில் ஃபேன் வைத்தார்கள். உடனே அதன் சத்தம் பற்றி முறைப்பாடு வந்தது என்பது வேறு கதை.

இந்த இடத்தில் எங்கள் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறோம். எங்கள் கணினிகளுக்குத் தூசு படாமல் இருக்க மனைப்பொருளியல் ஆசிரியை ஒருவர் பூப்போட்ட துணியில் அழகான உறைகள் தைத்துத் தந்தார். பிள்ளைகள் பாடத்துக்கு வந்ததும் உறையின் முன்பக்கத்தை மட்டும் மேலே தூக்கிவிட்டு வேலை செய்வார்கள். பின்பக்கம் மூடியபடியே இருக்கும். பின்பக்கத்தில்தான் பவர் சப்ளையின் ஃபேன் காற்றை வெளியே தள்ளுகிறது. போதாக்குறைக்கு மேசைகளைச் சுவரோடு ஒட்டிப் போட்டவர்களும் நாங்கள்தான். தூசுக்குப் பயந்து மூச்சை அடைத்துவிட்டோம். ஆசிரியையின் மேல் ஒரு குறையும் இல்லை. பார்க்க வேண்டியவர்கள் நாங்கள்.

ஏன் பின்பக்கம்? அது ஐபிஎம் போட்ட பாதை. 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியின் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே. இன்று ஒரு நல்ல மடிக்கணினிச் சார்ஜரின் அளவு. ஆனால் அதற்குள் ஒரு ஃபேன் இருந்தது. அந்த ஃபேனுக்கு இரண்டு வேலை. பவர் சப்ளையைக் குளிர்விப்பது ஒன்று. முழுப் பெட்டியின் சூடான காற்றையும் இழுத்துப் பின்னால் தள்ளுவது மற்றது. அதாவது பவர் சப்ளையே கணினியின் நுரையீரலாகவும் இருந்தது. வன்தட்டோடு 1983இல் வந்த எக்ஸ்டியில் அது 130 வாட் ஆனது. 1984இல் ஏடியில் 192 வாட். ஐபிஎம்மைப் பார்த்துச் செய்த நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் பெட்டியின் அளவு, திருகாணி இடம் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொண்டன. அதனால் நமக்கு ஒரு பெரிய நன்மை. ஒரு கம்பனியின் பவர் சப்ளை செத்தால் இன்னொரு கம்பனியினதை வாங்கி மாட்டலாம். எங்கள் 7 கணினிகளும் பிழைக்கக் காரணம் அந்தப் பொது அளவுதான்.

உலகம் முழுவதும் விற்க வேண்டும் என்பதால் பின்னால் ஒரு சின்னச் சிவப்புச் சுவிட்சும் வந்தது. 115 அல்லது 230. அதைப் பற்றிச் சொல்ல எங்களிடம் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. பல வருடங்களுக்கு முன், சவூதியில் வேலை செய்த ஊர்ச் சகோதரர்கள் தாங்கள் பாவித்த நான்கு கணினிகளைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் சவூதியின் பல வீடுகளில் 127 வோல்ட்தான் ஓடியது. சுவிட்ச் 115இல் நின்றது. அதிபர் முன்னிலையில், பிள்ளைகள் கைதட்ட, முதலாவது கணினியை 230இல் செருகினோம். துவக்குச் சத்தம் மாதிரி ஒன்று. புகை. பெண் பிள்ளைகள் கதறிக்கொண்டு வெளியே ஓடினார்கள்.

நடந்தது இதுதான். 115 என்ற நிலையில் அந்தச் சுற்று வரும் வோல்ட்டை இரட்டிப்பாக்கும். 230 வோல்ட் ஆடலோட்டத்தின் உச்சம் 325 வோல்ட். இரட்டித்தால் 650. அதைத் தாங்க வேண்டிய இரண்டு கெப்பாசிட்டர்களும் சேர்ந்து 400 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டவை. வெடிக்காமல் என்ன செய்யும்? மற்ற மூன்றையும் சுவிட்சை மாற்றிச் செருகினோம், அவை பல வருடம் உழைத்தன. புதிய பவர் சப்ளைகள் பெரும்பாலும் தாமாகவே வோல்ட்டை அறிந்துகொள்கின்றன. ஆனால் பழையதொன்று கையில் வந்தால் முதலில் முதுகைப் பாருங்கள்.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏடிஎக்ஸ் என்ற புதிய அளவுமுறையைக் கொண்டுவந்தது. அதில் ஒரு விசித்திரம். தொடக்கத்தில் பவர் சப்ளையின் ஃபேன் காற்றை வெளியே தள்ளாமல் உள்ளே ஊத வேண்டும் என்று எழுதினார்கள். பக்கத்திலேயே செயலி இருக்கிறது, அதன் மேல் காற்று படட்டும், தனி ஃபேன் மிச்சம் என்ற கணக்கு. ஆனால் அந்தக் காற்று பவர் சப்ளைக்குள் நுழைந்து சூடேறி வந்த காற்று. செயலியோ வருடத்துக்கு வருடம் சூடு கூடிக்கொண்டே போனது. சூடான காற்றால் சூடானதைக் குளிர்விக்க முடியுமா? கொஞ்ச காலத்தில் ஃபேனைத் திருப்பி, பழையபடி வெளியே ஊதவிட்டார்கள்.

1993இல் முதல் பென்டியம் சுமார் 15 வாட் இழுத்தது. 2004இல் வந்த பென்டியம் 4களில் சில 100 வாட்டையும் தாண்டின. ஒரு பழைய குண்டு பல்பின் சூடு, தபால் முத்திரை அளவு இடத்தில். 5 வோல்ட்டில் அவ்வளவு வலுவைக் கொடுத்தால் மின்னோட்டம் தாங்காது என்று 2000ஆம் ஆண்டை ஒட்டிச் செயலிக்குத் தனியாக 12 வோல்ட் கம்பி கொடுத்தார்கள். அந்த நாலு முனைச் செருகியை மறந்துவிட்டு "சேர், ஃபேன் சுத்துது, திரை வருதில்ல" என்று எத்தனை பேர் வந்து நின்றிருப்பார்கள்!

அதே காலத்தில்தான் கெப்பாசிட்டர் கொள்ளைநோய் வந்தது. பாடநூலில் கொள்ளளவி. சோடாக் குப்பியின் மூடி உப்புவது போலத் தலை உப்பிய கெப்பாசிட்டர்களை அந்தக் காலத்துக் கணினிகளைத் திறந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். உள்ளே இருக்கும் மின்பகு திரவத்தில் தண்ணீர் அதிகம், அலுமினியத்தைப் பாதுகாக்கும் சேர்மானம் குறைவு. அலுமினியமும் தண்ணீரும் தாக்கமுற்று ஐதரசன் வாயு உண்டாகி, தகரக் குவளையை உள்ளிருந்து தள்ளியது. 1999இல் இருந்து சில வருடங்கள் இந்தக் கெட்ட சரக்கு உலகம் முழுவதும் கணினிகளுக்குள் போனது. டெல் நிறுவனம் மட்டும் 2005இல் இதற்காக 300 மில்லியன் டொலரை ஒதுக்கியது. சைனாச் சாமான் என்று நாம் கடையில் பேரம் பேசிய அதே நோய் அமெரிக்காவின் பெரிய பெயர்களையும் விடவில்லை.

நல்ல கெப்பாசிட்டருக்கும் ஆயுள் உண்டு. அதற்கு ஒரு நடைமுறைக் கணக்கு இருக்கிறது: வெப்பநிலை 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். 20 பாகை கூடினால் கால்வாசி. இப்போது அந்தப் பிள்ளையின் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஃபேன் நின்ற அன்றைக்குக் கணினி சாகாது. எட்டு வருடம் இருக்க வேண்டியது இரண்டு வருடத்தில் போகும். நாம் சைனாவைத் திட்டுவோம்.

சூட்டை வெளியே தள்ளுவதை விட, உண்டாக்காமலே இருப்பது நல்லதல்லவா? அந்தப் பக்கம் உலகம் திரும்பியது மிகவும் பிந்தித்தான். 2004இல் 80 பிளஸ் என்ற திட்டம் தொடங்கியது. சுமை 20 வீதமாக இருந்தாலும், 50 ஆக இருந்தாலும், 100 ஆக இருந்தாலும் வினைத்திறன் 80 வீதத்துக்குக் குறையக் கூடாது என்பது அதன் நிபந்தனை. அதற்கு முன் 65, 70 வீதம் என்பது சாதாரணம். கணக்கைப் பாருங்கள். கணினிக்கு 200 வாட் தேவை. 65 வீத வினைத்திறன் என்றால் சுவரில் இருந்து 308 வாட் எடுக்கும், 108 வாட் பெட்டிக்குள் சூடாகும். 80 வீதம் என்றால் 50 வாட். 90 வீதம் என்றால் 22 வாட்தான். 108 எங்கே, 22 எங்கே! ஃபேன் மெதுவாகச் சுற்றினால் போதும், சத்தமும் குறையும். 1977இல் ஜொப்ஸ் கேட்டதும் அதைத்தானே. 2006இல் கூகுள் பொறியியலாளர்கள் இன்னொரு படி போய், பவர் சப்ளை 12 வோல்ட்டை மட்டும் கொடுக்கட்டும், மற்றதைத் தாய்ப்பலகை பார்த்துக்கொள்ளட்டும் என்று அறிக்கை எழுதினார்கள். லட்சக்கணக்கில் கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு வாட்டும் காசு. மாதாமாதம் மின்பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பாடசாலைக்கும் காசுதான்.

இனி நமது ஊர்க் காரணங்கள். கடற்கரை ஊர் நமது. காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. உப்புக் கலந்த தூசு ஈரப்பட்டால் மின்னைக் கடத்தும். இது ஒன்று. மற்றது வோல்ட் குறைவு. மாலை வகுப்பு நேரத்தில் எங்கள் அறையில் மீட்டரை வைத்துப் பார்த்தோம். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180ஐ ஒட்டி நின்றது. வோல்ட் குறைந்தால் பல்பு மங்கும், ஃபேன் மெதுவாகும், அதனால் கணினிக்கும் ஆறுதல்தானே என்று நாங்களும் நினைத்திருந்தோம். நேர்மாறு. சுவிட்சிங் பவர் சப்ளை தனக்குத் தேவையான வலுவை எப்படியாவது எடுத்தே தீரும். வோல்ட் குறைந்தால் ஓட்டத்தைக் கூட்டி எடுக்கும். 200 வாட்டுக்கு 230 வோல்ட்டில் 0.87 அம்பியர், 180 வோல்ட்டில் 1.11 அம்பியர். கம்பியில் எழும் சூடு ஓட்டத்தின் வர்க்கத்தோடு போகும். ஒன்றரை மடங்குக்கும் மேல். விளக்கு மங்கும் நேரத்தில் பவர் சப்ளை வெந்துகொண்டிருக்கிறது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாட்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். கரண்ட் வரும் நொடியில் ஊர் முழுக்க எல்லாம் ஒன்றாக எழும்பும். வோல்ட் தள்ளாடும். அப்போது சுவிட்சைப் போட்டபடியே விட்டுவிட்டுப் போன கணினிகள் எங்கள் அறையிலும் இருந்தன. கெட்டது அன்றைக்கு வெளியே தெரியாது.

கூட்டத்தில் பேசப்போகும் விஷயம் இதுதான். சேர்த்த காசு முழுவதையும் புதிய கணினிகளுக்குப் போடுவோம், அறையை இறுக்க மூடி ஏசி போடுவோம் என்று ஒரு கருத்து இருக்கிறது. ஏசி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. அதன் மின்பட்டியலை யார் கட்டுவது என்று கேட்கிறோம். 7 கணினிகளுக்குப் புதிய 80 பிளஸ் பவர் சப்ளை போதும். இரண்டைக் காக்கா தன் கடையில் இருந்து மாட்டிப் பார்த்தார், இரண்டும் எழும்பி ஓடுகின்றன. வோல்ட்டைச் சீராக்கும் கருவி ஒன்று அறைக்குப் போட வேண்டும். ஜன்னலுக்கு மேலே காற்றை இழுக்கும் ஃபேன் இரண்டு. மேசைகளைச் சுவரில் இருந்து ஓர் அடி முன்னுக்கு இழுப்பதற்குக் காசே தேவையில்லை. மிச்சம் 4 கணினிகளைப் பற்றி இன்னும் பார்க்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு வீட்டில் பவர் சப்ளையைத் திறக்க வேண்டாம். கம்பியைக் கழற்றிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். எங்கள் பிள்ளைகள் திறந்தது காக்கா அதை இறக்கிக் காட்டிய பின்னர்தான். வெளியில் இருந்து தூசு ஊதுவதற்கு யாரும் பயப்படத் தேவையில்லை. ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள்.

வரும் சனிக்கிழமை காலை 8.30க்கு மற்ற 15 கணினிகளையும் வெளியே எடுத்துத் தூசு தட்டப் போகிறோம். புளோவர் வைத்திருப்பவர்கள் கொண்டுவந்தால் உதவியாக இருக்கும். பழைய மாணவர்களுக்கும் அழைப்பு உண்டு. பூப்போட்ட உறைகள் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வெட்டிப் பின்பக்கம் திறந்தபடி திருப்பித் தைக்க ஆசிரியை சம்மதித்துவிட்டார்.